சுவர்ப் பனி

பால் ஊற்றாத தேநீரில் ஏடு படிந்திருந்தது. அனிசிம் அதைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தான். மாட்டு மூக்கில் வழிகிற சளிபோல நீளமாகத் தொங்கியது, இளஞ்சிவப்பாக.

"ஏதுடி இந்தத் தண்ணி?"

"நிலவறைச் சுவர்ல கொத்தினது. அடிச்ச வெயிலுக்கு ஏரிப் பனிக்கட்டியெல்லாம் கரைஞ்சு போச்சு," என்றாள் அவன் மனைவி மாப்பா. "நீ பாட்டுக்குப் புல் அறுக்கப் போய்ட்ட. நான் என்ன, மூத்திரத்தையா காய்ச்சிக் குடிக்க?"

குளிர் தொடங்கியதும் ஏரியில் அறுத்து நிலவறையில் அடுக்குகிற பனிக்கட்டிதான் அந்த ஊருக்குக் கோடை முழுக்கக் குடிதண்ணீர். நிலவறையின் சுவரும் பனிதான். ஆனால் அது தரையோடு பிறந்தது, உடம்பெல்லாம் ரோமம் மூடிய யானைகள் திரிந்த காலத்தில் உறைந்தது. அதை யாரும் வாயில் வைப்பதில்லை. நகரத்திலிருந்து வந்து துளை போட்டுப் பார்த்தவர்கள், அதற்குள் கிருமிகள் சாகாமல் தூங்குகின்றன என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அனிசிம் நம்பவில்லை. படித்தவன் சொன்னதை எதற்காக நம்ப வேண்டும்?

இப்போது கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"கொதிச்ச தண்ணியில எதுய்யா உசிரோட இருக்கும்? பயந்தாங்கொள்ளி," என்று மாப்பா அவன் கோப்பையையும் எடுத்துக் குடித்தாள்.

நெருப்புக்குப் படைக்கிற வழக்கப்படி அனிசிம் ஒரு கரண்டித் தேநீரை அடுப்பில் ஊற்றினான். 'உஸ்' என்ற சத்தம் வரவில்லை. ஊற்றிய இடத்தில் தணல் கறுத்து ஈரமாகவே கிடந்தது.

சாயங்காலம், மறையாத வெயில் சன்னலில் சாய்ந்து கிடக்க, ஏரிக்கரைக் கொசுக்கள் சாணப் புகையையும் மீறி உள்ளே புகுந்து அவன் கழுத்திலும் காது மடலிலும் அப்பிக்கொண்டு ரீங்கரித்தன. மாப்பா கையில்லாத சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. கிட்டே போனவை, கல்லை முகர்ந்ததுபோல் திரும்பின.

அவள் கையைத் தொட்டான். ஆற்றுமீன் போலச் சில்லென்று வழுக்கியது.

"கிளம்பு. லேனா ஆத்துக்கு அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"வேக்காடா இருக்குய்யா. எங்கயாவது குளிர்ச்சியா படுத்தா சரியாயிடும்."

"உன்கிட்ட யோசனை கேக்கல."

"கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த அதிகாரந்தான்." சிரித்தாள். ஈறெல்லாம் இளஞ்சிவப்பாக வழவழத்தது.

படகை ஆற்றில் தள்ளி, மோட்டாரோடு மல்லுக்கட்டிக் கிளப்பிவிட்டு, மூச்சு வாங்க ஓடி வந்தான். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சு காலி. முற்றத்தில் நிலவறையின் மரக்கதவு திறந்து கிடந்தது.

ஏணியில் இறங்கினான். ஈர மண் வாடை. அதோடு, மாடு கன்று போட்ட தொழுவத்தின் வாடை. பனிக்கு ஏது வாடை?

டார்ச்சை அடித்தான்.

சுவரோடு சுவராக நின்றிருந்தாள். முகத்தைப் பதித்து. கைகளை விரித்து.

"மாப்பா."

கிட்டே போனான்.

"அடியே, விளையாடாத. படகு நிக்குது. வா."

தோளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கட்டையாக விறைத்திருந்தாள். கன்னம் பாதி பனிக்குள் போயிருந்தது. மூச்சில்லை.

இன்னும் பலமாக இழுக்க, மறு கையைச் சுவரில் ஊன்றினான்.

சூடு.

குளிர்கால இரவுகளில் ஒரே போர்வைக்குள் அவன் முதுகில் ஒட்டிக் கிடந்த அதே சூடு. பனிச் சுவர் முழுக்க. அவன் உள்ளங்கைக்கு அடியில் அது மெல்ல உப்பியது. தாழ்ந்தது. மறுபடி உப்பியது.