பின் அறைக்கு எட்டாத சிக்னல்

இன்டர்நெட் ரிப்பேர் பார்க்கிறவரை எங்கள் தெருவில் எல்லோரும் ஏணிக்காரர் என்றுதான் சொல்வோம். ஒரு ஒயரைச் சொருக வந்தாலும் தோளில் ஏணியோடுதான் வருவார். அன்று காலை பத்தரை மணிக்கு அதை எங்கள் பழைய வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "என்ன தொந்தரவு, சொல்லுங்க" என்றார்.

"தினமும் பதினொன்னு பத்துக்கு வைஃபை திக்குது. நாற்பது நிமிஷம் அப்படியே இருக்கு. அப்புறம் தானா சரியாயிடுது."

"மைக்ரோவேவ் அடுப்பு போடுற நேரமா?"

"அது கெட்டுப்போய் ஒரு வருஷம் ஆச்சு."

பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் ஒரே சேனலில் முட்டி மோதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, அவர் சேனலை மாற்றிப் பார்த்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்பது மூன்று மாதமாக எனக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது.

அக்கா பக்கவாதம் வந்து பின் அறையில் இரண்டு வருஷம் படுத்திருந்தாள். கை கால் வராது. பேச்சும் போய்விட்டது. தொண்டையில் சளி அடைத்தால் மூச்சை இழுத்துச் சத்தம் எழுப்ப மட்டும் முடியும். அதற்காகவே, கைக்குழந்தைகளுக்கு வைக்கிற மானிட்டர் ஒன்றை அவள் தலையணைப் பக்கம் வைத்திருந்தேன். அங்கே சத்தம் வந்தால் கூடத்தில் என் மேசைமேல் இருக்கும் பெட்டியில் கேட்கும். ஓடிப்போய் நிமிர்த்தி உட்காரவைத்து சளியை எடுத்துவிடுவேன்.

ஆனால் அது ஓடும்போதெல்லாம் என் ஆபீஸ் வீடியோ கால் உறைந்துபோகும். இரண்டும் ஒரே அலைவரிசை என்று இதே ஏணிக்காரர்தான் அப்போது போனில் சொன்னார். ஒன்றை அணைத்தால் இன்னொன்று நன்றாக ஓடும் என்றார்.

பதவி உயர்வுக்கான இன்டர்வியூ பதினொன்று பத்துக்கு. நாற்பது நிமிஷம்தானே என்று மானிட்டரை அணைத்தேன். சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னேன். பதவி கிடைத்தது. அக்கா போய்விட்டாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் அவள் மகளிடம், "தூக்கத்துலயே போயிட்டாம்மா. மானிட்டர்ல ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல" என்று வாய் கூசாமல் சொன்னேன். அந்தப் பெண் இன்றுவரை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள். உண்மை தெரிந்தால் என் முகத்திலேயே விழிக்கமாட்டாள். எனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

மணி பதினொன்று பத்து ஆனது.

ரவுட்டரின் பச்சை விளக்கு துடித்தது. ஏணிக்காரர் பையிலிருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இது வைஃபை இல்லீங்க. வீட்டுக்குள்ள வேற ஏதோ சிக்னல் அனுப்புது. அந்த மானிட்டர் இன்னும் இருக்கா?"

"அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன்."

மீட்டர் காட்டிய வழியில் நடந்தார். பின் அறைக் கதவைத் திறந்ததும் மருந்தும் ஈரத்துணியும் கலந்த அந்த வாடை வந்தது. மூன்று முறை கழுவிவிட்டிருக்கிறேன். கட்டிலைக்கூட எடுத்தாயிற்று. உள்ளே ஒரு சாமானும் கிடையாது.

அவர் ஜன்னலோரம் போனார். மீட்டர் சத்தம் கூடியது. குந்தி உட்கார்ந்து, கையை மெல்லத் தாழ்த்தினார். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வெறும் காற்றில், அது விடாமல் கூவியது.

"இங்க என்ன இருந்துச்சு?" அவர் குரல் தணிந்துவிட்டது.

"கட்டில்."

"தலை வைக்கிறது எந்தப் பக்கம்?"

என் பார்வை அவர் கை இருந்த இடத்திலேயே நின்றது.

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

கூடத்துக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"ரவுட்டரை மாத்திடுங்க. ரெண்டு வழி இருக்கு. என் பையில இருக்கிற இந்தப் புது ரவுட்டர் அஞ்சு கிகாஹெர்ட்ஸ்ல ஓடும். அந்த இடைஞ்சல் இதைத் தொடாது. ஆனா இந்த அலை சுவரைத் தாண்டாம சோர்ந்துடும். கூடத்துல பிச்சு உதறும், பின் ரூமுக்குப் போகாது. இன்னொண்ணு மெஷ். ரூமுக்கு ஒரு பெட்டி வெச்சா வீடு முழுக்க எட்டும்."

"கடையில ஆறு ஆன்டெனாவோட ஒண்ணு பார்த்தேனே?"

"அது கவுந்து கிடக்கிற சிலந்தி மாதிரி பார்க்கத்தான் நல்லா இருக்கும். உங்க வீட்டுக்குத் தேவையில்ல." கொஞ்சம் தயங்கினார். "பின் ரூமுக்கும் சிக்னல் வேணுமா?"

"வேண்டாம்."

இரண்டாவது முறையாக அக்காவைத் துண்டித்தேன். இந்தத் தடவை யோசிக்கக்கூட இல்லை. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை.

புது ரவுட்டரைப் பொருத்திவிட்டு அவர் கிளம்பின வேகத்தில் ஏணியை இங்கேயே விட்டுவிட்டார்.

மறுநாள் எனக்கு லீவு. பதினொன்று பத்துக்கு அக்கா மகள் போனில் வீடியோவில் வந்தாள். படம் பளிங்காக இருந்தது.

"சூப்பரா தெரியுறீங்க சித்தி" என்று சிரித்தவள், சிரிப்பை நிறுத்தினாள். "யாரு அங்க மூச்சு வாங்குறது?"

"யாரும் இல்லையேம்மா."

"இல்ல, கேக்குது. அம்மா மூச்சு மாதிரியே இருக்கு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் முகம் வெளுப்பதைப் பார்த்தேன். இனிமேல் தாங்காது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"நான் பொய் சொன்னேம்மா. அன்னிக்கு மானிட்டரை அணைச்சு வெச்சிருந்தேன். இன்டர்வியூல இருந்தேன். உங்கம்மா கூப்பிட்டிருப்பா. நான்தான் கேக்கல."

"சித்தி, வாய் அசையுது. நீங்க பேசுறது வரவே இல்ல. மூச்சு மட்டும்தான் வருது."

திரும்பவும் சொன்னேன். கத்திச் சொன்னேன்.

"ஐயோ, திணறுறாங்க சித்தி! போய்ப் பாருங்க! ஏன் அப்படியே உக்காந்திருக்கீங்க?"

போனோடு ஓடினேன். பத்தடிதான் இருக்கும். அன்றைக்கும் பத்தடிதான். சுவரைத் தாண்டினால் சிக்னல் அறுந்துவிடும் என்று ஓடும்போதே ஒரு நப்பாசை.

அறுந்துபோகவில்லை.

அறை காலியாக இருந்தது. வாடை மட்டும் கனமாக நின்றது.

"நின்னுடுச்சு" என்றாள் மகள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் என் கையிலிருந்த போனில் அக்காவின் குரல் கேட்டது. படுக்கையில் விழுவதற்கு முன்னால் இருந்த அதே தெளிவான குரல்.

"ஏன்டி இவ்வளவு நேரம்?"