வெளியே போ என்று சொல்லாத வீடு

ஊருக்கு மேலே, பழைய குவாரிக்காரர்கள் விட்டுப்போன கல்வீட்டுக்கு அசிமீனா வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கதவில் பூசிய தார் காயவில்லை. தோளால் தள்ளியதில் கறுப்புச் சால்வையில் அப்பிக்கொண்டது.

"பாத்து வாம்மா, வாசப்படியிலயும் பூசியிருக்கேன்," என்று உள்ளேயிருந்து பந்தெலிஸ் குரல் கொடுத்தார்.

"ரோடு போடற மாதிரியில்ல பூசி வெச்சிருக்கீங்க."

"செத்தவங்க தாண்டி உள்ள வந்துடக் கூடாதுல்ல. இன்னைக்கி அவங்க நாளு. உன் வீட்டுக் கதவுல பூசிட்டியா?"

"பூசணும்ணே," என்றாள். பூசுகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

பந்தெலிஸ் ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, தேவாலயத்தை விட்டுவிட்டு, மலையின் பழைய தெய்வங்களைக் கும்பிடும் கூட்டம் ஒன்றைச் சேர்த்தார். கிளெயார்கோஸ் என்று பழங்காலப் பெயரும் வைத்துக்கொண்டார். காப்பிக்கடையில் யாரும் அதை மதிக்கவில்லை. "கிளெயார்கோஸே, லாரிசாவுக்கு ஒரு டிக்கெட் கிழி!" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அசிமீனா அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது தெய்வத்துக்காக அல்ல. இலையுதிர் காலத்தில் குவாரியில் கம்பி அறுந்து, பளிங்குப் பாளம் அவள் புருஷன் ஸ்டெர்கியோஸ் மேல் விழுந்தது. பெட்டியை ஆணி அடித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்க வேண்டாம் என்றார் பாதிரியார். பார்க்க வேண்டாம் என்றான் மகன் லாம்ப்ரோஸும். காலமெல்லாம் கூடப் படுத்தவனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் மண்ணைப் போட்டாகிவிட்டது. அது அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

வருஷத்தில் ஒரு நாள் அவர்கள் வருவார்கள் என்று சொன்னது பந்தெலிஸ் மட்டும்தான்.

முற்றத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய மண்பானை ஆறிக்கொண்டிருந்தது. கூட்டத்தார் ஜாக்கெட்டுக்கு மேல் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு குளிரில் நின்றார்கள். பழைய மொழித் தோத்திரத்தை பந்தெலிஸ் போனைப் பார்த்து வாசித்தார். எதிரே ஒலிம்போஸ் மலை மேகத்துக்குள் இருந்தது.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றார் முடித்ததும். "இந்தப் பானை செத்தவங்களுக்கும், அவங்களைக் கூட்டிட்டு வர்ற ஹெர்மிஸ் சாமிக்கும். நாம ஒரு கோதுமை மணிகூட வாயில வைக்கக் கூடாது. வெச்சா அவங்க பந்தியில உக்காந்த கணக்கு. பொழுது சாயறப்ப நான் வீடு வீடா வந்து, 'வெளிய போங்க, பண்டிகை முடிஞ்சிருச்சு'ன்னு சத்தம் குடுப்பேன். அந்தப் பந்தியில உக்காந்த எல்லாரும் எந்திரிச்சுப் போயாகணும்."

அவர் மூடியைத் திறந்தார்.

அவித்த கோதுமையின் வாசனை. அசிமீனாவுக்கு அது தேவாலயத்தின் வாசனை. துக்கத்துக்குத் துக்கம், செத்தவர் பெயரைச் சொல்லி, சர்க்கரையும் மாதுளையும் கலந்த அவித்த கோதுமையை ஒரு வாய் போட்டுக்கொண்டு, 'கடவுள் மன்னிக்கட்டும்' என்று சொல்லி, வராதவர்களுக்கு ஒரு பிடி முடிந்து எடுத்துப் போவதுதான் அவள் பிறந்ததிலிருந்து கண்ட வழக்கம்.

கை தன்பாட்டுக்குப் பானைக்குள் போய்விட்டது. உதடுவரை வந்ததும்தான் அவளுக்கு உறைத்தது. திரும்பப் பானையில் போடவும் பயம். யாரும் பார்க்கவில்லை. கைக்குட்டையில் முடிந்து கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

கோழிக்குப் போட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் முடிச்சை மேசைமேல் வைத்துவிட்டு விறகெடுக்கக் கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தபோது லாம்ப்ரோஸ் வேலையிலிருந்து வந்திருந்தான். பூட்சைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரே கைக்குட்டை விரிந்து கிடந்தது.

காலியாக.

"ஏம்மா, சர்க்கரைக்குப் பஞ்சமா? மாதுளைகூடப் போடல," என்று விரலை நக்கினான்.

அவள் கையிலிருந்த விறகு காலில் விழுந்தது. வலி தெரியவில்லை.

"துப்புடா! துப்பித் தொலைடா!"

"முழுங்கினதை எப்படித் துப்பறது?" சிரித்தான். அப்புறம் எதிர் நாற்காலியைப் பார்த்தான். ஸ்டெர்கியோஸின் நாற்காலி. "அப்பாவுக்குக் கொஞ்சம் வெச்சிருக்கலாம். பாத்துக்கிட்டே இருக்காரு."

அறைக்குள் ஈரக்கல்லின் வாசனை வந்தது. அறுப்பு வாளில் தண்ணீர் ஊற்றும்போது எழும் வாசனை. ஸ்டெர்கியோஸின் சட்டையிலிருந்து அவள் காலமெல்லாம் துவைத்த வாசனை.

நாற்காலி கிறீச்சிட்டது.

பிறகு இருமல். நெஞ்சுக்குள் தூசி படிந்தவனின், அடியிலிருந்து வரும், முடிவே இல்லாத இருமல்.

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதன் கைப்பிடியில் மட்டும் வெள்ளைத் தூள் படிந்துகொண்டிருந்தது.

"உனக்குத் தெரியுதாடா?" என்றாள் மெல்ல. "மூஞ்சி… மூஞ்சி எப்படிடா இருக்கு?"

லாம்ப்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்காதம்மா."

அவனுடைய கையைப் பிடித்தாள். குவாரியில் காலை வேளையில் பளிங்கு இருக்குமே, அந்தச் சில்லிப்பு.

அப்போதுதான் ஊர்க்கோடியில் தகரச் சத்தம் கேட்டது. பந்தெலிஸ் கரண்டியால் தட்டிக்கொண்டு வந்தார்.

"வெளிய போங்க! பண்டிகை முடிஞ்சிருச்சு!"

இரண்டு நாற்காலிகளும் ஒன்றாக அசைந்தன.

"என்னடா பண்றே?"

"தெரியலம்மா. காலு தானா எந்திரிக்குது." அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "அவரு எந்திரிச்சா நானும் எந்திரிக்கணும்போல இருக்கு."

தகரம் அடுத்த தெருவுக்கு வந்தது. மறுபடி அந்தச் சத்தம். லாம்ப்ரோஸ் பாதி எழுந்துவிட்டான். தோளை அழுத்தி உட்காரவைத்தாள். பாளத்தை அழுத்துவது போலிருந்தது.

தகரம் அவள் வாசலில் நின்றது.

"வெளிய—"

அசிமீனா பாய்ந்து கதவைத் திறந்து, கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"என் வீட்டுக்குச் சொல்லாதீங்கண்ணே. உங்க காலைப் புடிக்கறேன்."

அவர் கையை விலக்கினார். "பைத்தியமா? சொல்லலேன்னா போகமாட்டாங்க. அடுத்த வருஷம் வரைக்கும்… இல்ல, எப்பவுமே போகமாட்டாங்க."

"போக வேணாம். என் புள்ள தின்னுட்டான்ணே."

பந்தெலிஸ் அவள் தோளுக்கு மேலே, உள்ளே பார்த்தார். மேசையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப் போனது. கரண்டி கல்லில் விழுந்து உருண்டது. அதைக்கூட எடுக்காமல் படியிறங்கினார்.

அதன்பிறகு காப்பிக்கடையில் யாராவது கிளெயார்கோஸ் என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

லாம்ப்ரோஸ் வேலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான், கேலி பேசுகிறான். கண்ணிமையில் படிந்த வெள்ளை மட்டும் எத்தனை கழுவியும் போவதில்லை. அசிமீனா மேசையில் மூன்று தட்டு வைக்கிறாள். மூன்றாவது தட்டின் ரொட்டியில் காலையில் வெள்ளைக் கட்டைவிரல் ரேகை இருக்கும். இருமல் சத்தத்தில் தூங்கவும் பழகிவிட்டாள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே தூங்கினாள்?

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பு. அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. பூனையிடம்கூட. விருந்தாளிகளை அவள் கூப்பிடுவதே இல்லை.

கோடை வந்தது. அன்று லாம்ப்ரோஸ் உள்ளே பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தான். அசிமீனா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஸகரூலா ஒரு தட்டு அத்திப்பழத்தோடு வந்தாள். திறந்திருந்த கொல்லை வாசலில் கோழி ஒன்று ஏறி உள்ளே நுழைவதைப் பார்த்தாள்.

"அடச்சீ, சனியனே!" என்று தட்டைத் தட்டினாள் ஸகரூலா. "போ! வெளிய போ!"

உள்ளே இரண்டு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

"யாரு வந்திருக்கா, அசிமீனா? விருந்தாளியா?" என்றாள் ஸகரூலா, அந்தச் சத்தத்தைக் கேட்டு.

அசிமீனாவின் கையிலிருந்து ஈரச் சட்டை நழுவியது.

"உக்காருடா!" என்று கத்தினாள். பிறகு, "நீங்களும் உக்காருங்க…"

ஒரு நாற்காலி மெல்ல மேசைப்பக்கம் திரும்ப நகர்ந்தது. தொடர்ந்து அந்த இருமல்.

மகனுடைய நாற்காலியின் சத்தத்துக்காக அசிமீனா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.