ரெட்டைகளுக்கு எந்த வண்டி?

ரெட்டைப் பிள்ளைகளில் ஒன்றை விட்டுவிட்டுப் போவது என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. எந்தப் பிள்ளையை என்பதுதான் பாக்கி.

செந்தாமரை அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வயதுப் பெண்ணிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சடையனும் செல்லியும் அவளுடைய தம்பி, தங்கை. ரெட்டைப் பிள்ளைகள். இரண்டு வயது முடிந்திருந்தது. ஒன்றின் கால் மற்றொன்றின் வயிற்றின்மேல் கிடக்க, மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தன. பிறந்த நாளிலிருந்து அவை தனித்தனியாகத் தூங்கியதே இல்லை.

அப்பா கோபால்சாமி விழுப்புரத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். ஜவ்வாது மலைக்காரர்களுக்கு விழுப்புரம் பக்கத்து ஊர் அல்ல. மலையை விட்டுப் போளூருக்கு இறங்கி, அங்கே ரயில் பிடித்து, திருவண்ணாமலையையும் தாண்டிப் போக வேண்டும். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்போது போய்ச் சேரலாம். அதுவும் ரயில் நேரத்துக்கு வந்தால். ரயில்காரர்கள் சொல்லும் நேரத்தை நம்பி அடுப்பை அணைக்கக் கூடாது.

“மில்லுக்குப் பக்கத்துல வூடு புடிச்சிட்டேன். எல்லாரும் வந்துடுங்க” என்று அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். ரெட்டைகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது பார்த்துவிட்டுப் போனவர் அவர்.

போன மாதமே கிளம்பினார்கள். மலைக்கு அப்போது ஒரே பஸ்தான். ஜமுனாமரத்தூரில் ஏறினார்கள். தூறல் போட்டதால் எல்லோரும் ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டார்கள். இரண்டாவது வளைவில் சடையன் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்துச் செல்லியும் எடுத்தாள். முன்னால் நின்றிருந்தவரின் வெள்ளை வேட்டி பாழாகிவிட்டது. அப்புறம் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கத்தின.

கண்டக்டர் விசில் ஊதினார்.

“எறங்கும்மா. கொழந்தைங்களக் கொஞ்சம் வளத்துட்டு அப்புறமா வா.”

நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இப்போது அம்மாவும் கன்னியம்மாள் அத்தையும் மறுபடியும் வழி யோசித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவள் பேசினால் கோழிகூடக் கொத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

“சரக்கு லாரி வருதே, அண்ணி?” என்றாள் அம்மா.

“மூட்டைங்க மேல உக்காரணும். உன் புள்ளைங்க ஒரு நிமிசம் சும்மா இருக்குமா? உருண்டு வுழுந்தா இன்னா பண்ணுவ?”

“அப்ப சந்தவாசல் பக்கமா நடந்து எறங்கிடுறேன்.”

“நட. முதுகுல ஒண்ணக் கட்டிக்குவ. தலையில மூட்டை. இன்னொண்ணு?”

“நான் தூக்கினு வர்றேன், அத்தை” என்றாள் செந்தாமரை.

“நீயே பாதி வழியில கால் நோவுதும்ப. சும்மா கெட.” அத்தை அம்மா பக்கம் திரும்பினாள். “ஒண்ண இங்க உட்டுட்டுப் போ, மாதம்மா. செல்லிய நான் பாத்துக்கிறேன். பெருசானதும் வந்து கூட்டினு போ.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸு?” என்றாள் செந்தாமரை.

“அதான் பாத்தமே. அதுங்களுக்குப் பஸ்ஸு ஒத்துக்காது” என்றாள் அத்தை.

ஏன் ஒத்துக்காது?

அந்தக் கேள்வி செந்தாமரையின் மண்டைக்குள் வண்டு மாதிரி சுற்றியது. பெரியவர்கள் ஒரு பானை வாங்குவதென்றால் நாலு தரம் தட்டிப் பார்ப்பார்கள். தாங்கள் சொன்ன சொல்லை ஒரு தரம்கூடத் தட்டிப் பார்க்க மாட்டார்கள்.

சடையன் எழுந்ததும் அவனையே கேட்டாள்.

“டேய், பஸ்ஸுல ஏன்டா அழுத?”

“பஸ்ஸு.”

“பஸ்ஸு இன்னா பண்ணுச்சு?”

“பஸ்ஸு போச்சு” என்று கையை நீட்டினான்.

இவனிடம் கேட்டுப் பயனில்லை. தானே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

பஸ் சத்தம் பிடிக்கவில்லையோ? இரண்டையும் கூட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்குப் போனாள். பஸ் நின்றிருந்தது. டிரைவர் இன்ஜினை உறும விட்டார், ஹாரன் அடித்தார். ரெட்டைகள் கை தட்டின. “பாம், பாம்” என்று தாங்களும் அடித்தன. டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் இவர்களைப் பார்த்துவிட்டு, டம்ளரோடு நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

சத்தம் இல்லை. அப்படியானால் வளைவில் பஸ் ஆடுவதுதான் காரணமோ? புளியமரத்து ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டினாள், சுற்றினாள். “இன்னும், இன்னும்” என்றாள் செல்லி. ஆட்டிய செந்தாமரைக்குத்தான் கை வலித்தது.

ஆட்டமும் இல்லை. வேறு என்ன?

வீட்டுக்கு வந்தபோது அத்தை ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள்.

“என் தம்பிக்குக் கொண்டு போ, மாதம்மா. நல்லாப் பழுத்தது. வெறுங்கைய வீசினு போவாத.”

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் பலாக் காலத்தில் பழம் இல்லாமல் போக மாட்டார்கள். போனால் அது சொந்தக்காரர்கள் மத்தியில் பெரிய பேச்சாகிவிடும். போன மாதமும் அத்தை ஒரு பழம் கொடுத்தாள். அம்மா அதைச் சீட்டுக்கடியில், காலுக்கு நடுவில் வைத்திருந்தாள்.

செந்தாமரை குனிந்து பழத்தை மோந்து பார்த்தாள். நல்ல வாசனை. வீட்டு வாசனை. ஆனால் படுதா இறக்கிய பஸ்ஸில் அன்றைக்குத் தனக்கும் குமட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பயத்தினால் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

பழம்தானா? சோதித்துப் பார்க்க வேண்டும். ரெட்டைகளைப் பழத்தோடு அடைத்துவைத்துப் பார்க்கலாம். ஆனால் பாவம், ஒரு தரம் பட்டதே போதும்.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தாண்டவராயன் மாமா மாட்டு வண்டியைச் சந்தைக்குக் கட்டினார். கூண்டு போட்ட வண்டி. செந்தாமரை பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மாமா, நானும் வர்றேன். முன்னாலயும் பின்னாலயும் சாக்கு கட்டி மூடிடுங்க.”

“மூடினு உள்ள இன்னா பண்ணப் போற?”

“வாந்தி எடுக்கப் போறேன், மாமா.”

“என் வண்டியிலயா?”

“வந்தா சாக்க வெலக்கி வெளிய எடுத்துக்கிறேன்.”

தாண்டவராயன் மாமா மாடுகளைப் பார்த்தார். மாடுகளும் ஒன்றும் சொல்லவில்லை. “ஏறு” என்றார்.

கல்லும் குழியுமான பாதையில் வண்டி ஆடி ஆடிப் போனது. உள்ளே இருட்டு. மடியில் பழம். முதலில் வாசனை இனித்தது. பிறகு தித்தித்தது. பிறகு திகட்டியது. ஓடையைத் தாண்டுவதற்குள் வாசனை மூக்கை விட்டு வயிற்றுக்குள் இறங்கிவிட்டது.

“மாமா, நிறுத்துங்க.”

சாக்கை விலக்கி வெளியே எட்டினாள். காலையில் குடித்த கூழ் பூராவும் போயிற்று. முகம் வெளுத்துப் போனாலும் செந்தாமரை சிரித்தாள்.

“வந்திடுச்சு, மாமா.”

“இதுக்கு இவ்ளோ சந்தோசமா?” என்றார் அவர்.

திரும்பும்போது பழத்தை மாமாவின் பக்கத்தில் வெளியே வைத்தாள். சாக்கு மூடியபடியே இருந்தது. அதே பாதை, அதே குழி, அதே ஆட்டம். ஓடை தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. ஊர் வருவதற்குள் நன்றாகப் பசித்தது.

வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“பலாப்பழ வாசனைக்கு வாந்தியா? கொட்டை வரைக்கும் சுட்டுத் தின்னு வளந்தவங்கடி நாங்க.”

“மரத்தடியில ஒண்ணும் ஆவாது, அத்தை. மூடி வெச்ச வண்டியிலதான் ஆவுது. வேணும்னா நீங்க ஏறிப் பாருங்க.”

“ஏறுனா இன்னா? உன் வாய அடைக்கிறேன் பாரு.”

தாண்டவராயன் மாமா மாட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. அத்தை பழத்தோடு உள்ளே போனாள். சாக்கை இறக்கினார்கள். வண்டி ஓடை வரைக்கும் போய்த் திரும்பியது. போகும்போது உள்ளிருந்து அத்தையின் பேச்சு கேட்டது. வரும்போது கேட்கவில்லை.

அத்தை இறங்கினாள். நேராகத் தொட்டிக்குப் போய் முகம் கழுவினாள். வாய் கொப்பளித்தாள். நெடுநேரம் கொப்பளித்தாள்.

“எனக்கும் அன்னிக்கிப் பஸ்ஸுல கொமட்டிக்கினுதான் இருந்திச்சு. வெக்கத்துல சொல்லல, அண்ணி” என்றாள் அம்மா மெதுவாக.

அத்தை முகத்தைத் துடைத்தாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “செல்லி துணியையும் மூட்டையில வை, மாதம்மா.”

“பழம், அத்தை?”

“பழம் இல்லாம எப்படிப் போறது? பஸ்ஸு மேல போவட்டும். கேரியர் எதுக்கு இருக்குது?”

கிளம்பும் நாளில் கண்டக்டர் இவர்களைப் பார்த்ததும் படியில் கையைக் குறுக்கே வைத்தார்.

“ஏம்மா, அந்த ரெட்ட வாந்தி நீங்கதானே?”

“இன்னிக்கி எடுக்க மாட்டாங்க, அண்ணா” என்றாள் செந்தாமரை. “பழத்த மட்டும் மேல ஏத்திக் கட்டிடுங்க. அதுதான் காரணம்.”

கண்டக்டர் பழத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் ஏணியில் ஏறிப் பழத்தைக் கேரியரில் கட்டிவிட்டு வந்தார். “ஒரு தரம் பாப்போம். எடுத்தா அங்கேயே எறக்கிடுவேன், ஆமா.”

பஸ் கிளம்பியது. அன்றைக்கும் தூறல். படுதாக்கள் இறங்கின. ரெட்டைகள் “பாம், பாம்” என்று சொல்லிக்கொண்டு வந்தன.

வளைவுகளுக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் புளி வியாபாரி பஞ்சாட்சரம் ஏறினார். பெரிய உடம்பு, பெரிய மீசை. கையில் இருந்த சாக்கைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு இவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

முதல் வளைவு. சடையன் “பாம்” சொல்வதை நிறுத்தினான். செல்லியின் உதடு கீழே மடிந்தது.

செந்தாமரை மூக்கை உறிஞ்சினாள். சாக்கைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மீசையைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வளைவில் இறக்கிவிட்டால் செல்லி அத்தை வீட்டில்தான்.

“ஐயா, உங்க பலாப்பழத்த மேல வெக்கச் சொல்லுங்க. என் தம்பி தங்கச்சிக்குக் கொமட்டுது.”

“மேல வெச்சா மழையில நனையும், பாப்பா.”

“மரத்துல இருந்தப்ப அது கொடையா புடிச்சிக்கினு இருந்திச்சு?”

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். பஞ்சாட்சரம் திரும்பினார். “வாய் நீளமா இருக்குதே.”

“வாய் இல்லீங்க, மூக்குதான் நீளம். நான் வண்டியில மூடினு பாத்துட்டேன். எங்க அத்தைகூடப் பாத்தாங்க.”

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செல்லியின் கன்னம் இரண்டும் உப்பின. பஞ்சாட்சரம் தன் வேட்டியைப் பார்த்தார். அதுவும் வெள்ளை வேட்டி.

கண்டக்டரின் விசில் பஸ்ஸே அதிரும்படி ஒலித்தது. பாய்ந்து வந்து சாக்கை இழுத்தார். “மன்னிச்சிக்குங்க, ஐயா. அன்னிக்கிப் பஸ்ஸக் கழுவுனவன் நான்” என்று சொல்லிவிட்டு, தூறலில் நனைந்துகொண்டு மேலே ஏறினார். செந்தாமரை பக்கத்துப் படுதாவை ஒரு முழம் தூக்கிவிட்டாள். ஈரக் காற்று உள்ளே வந்தது.

செல்லியின் கன்னம் மெல்ல வற்றியது.

இரண்டாவது வளைவு. எல்லோரும் காலை இழுத்துக்கொண்டு ரெட்டைகளையே பார்த்தார்கள். சடையன் வாயை அகலத் திறந்தான். பஞ்சாட்சரம் எழுந்தே விட்டார்.

அவன் கொட்டாவி விட்டான்.

மலை முடிவதற்குள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிவிட்டன. போளூரில் இறங்கும்போது செல்லியைத் தூக்கி இறக்கிவிட்டவர் பஞ்சாட்சரம்தான். ரயிலில் செந்தாமரை பழத்தைக் கதவோரமாக, காற்றடிக்கும் இடத்தில் வைத்துக்கொண்டாள்.

விழுப்புரம் ஸ்டேஷனில் அப்பா நின்றிருந்தார். ஓடிவந்து ஒரு கையில் சடையனையும் மறு கையில் செல்லியையும் அள்ளிக்கொண்டார்.

“ஒண்ணுதான் வரும்னு ஆளு சொன்னானே? ரெண்டையும் எப்படிக் கூட்டினு வந்தீங்க?”

“நாங்க எல்லாரும் பஸ்ஸு உள்ளதான் வந்தோம்பா” என்றாள் செந்தாமரை. பழத்தைக் காட்டினாள். “இதுதான் பாவம், மேல நனைஞ்சினு வந்திச்சு.”

அப்பா பிள்ளைகளோடு குனிந்து பழத்தை ஆழமாக மோந்து பார்த்தார். “ஆகா, நம்ம வூட்டு வாசனை” என்றார்.

ரெட்டைகள் இரண்டும் ஒரே சமயத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டன.