நோபர்ட் மாஸ்டரின் புதிய நடை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, மாத்தளையில் சனிக்கிழமை பின்னேரம் என்றால் எங்களுக்குக் கராத்தே வகுப்புத்தான். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் வகுப்பு நடக்கும். என் வாப்பா லாபிரின் கடை அந்த மண்டபத்துக்கு நேர் எதிரே இருந்தது. அதனால் "நீ என் கண்ணுக்கு முன்னாலதானே இருப்ப, போ ஸரீனா" என்று வாப்பா என்னையும் சேர்த்துவிட்டார்.

அது 1989ஆம் ஆண்டு. நாட்டில் எங்கும் குழப்பம். எந்த நாளில் கடைகள் பூட்டியிருக்கும், எந்த நாளில் பஸ் ஓடாது என்று யாருக்கும் தெரியாது. சில நாட்களில் இருட்டுவதற்கு முன்பே ஊரடங்கு தொடங்கிவிடும். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால், மண்டபத்துச் சீமெந்துத் தரையின் குளிர்தான் முதலில் என் உள்ளங்காலுக்கு வருகிறது.

எங்கள் மாஸ்டரின் பெயர் நோபர்ட். வாரநாட்களில் பல்லேபொலயில் ஒரு கடையில் வேலை செய்வார். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி எங்களுக்காக வருவார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். ஆனால் வெள்ளை உடுப்பைப் போட்டுக் கறுப்புப் பெல்ட்டைக் கட்டிவிட்டால் ஆளே மாறிவிடுவார். மண்டபத்துக் கூரை வளையிலிருந்து ஒரு பழைய ரப்பர் செருப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அது அவருடைய தலைக்கு மேலே ஆடும். ஒரே உதையில் அதைப் பறக்கவிடுவார். நாங்கள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்போம்.

முன்பெல்லாம் வகுப்பு தொடங்கியதும் மண்டபத்தைச் சுற்றி ஓடுவோம். கைகால்களை நீட்டி மடக்குவோம். அதன் பிறகுதான் உதை. ஊரடங்கு வந்த பிறகு அதற்கு நேரமில்லாமல் போய்விட்டது. வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதிப்பார்கள். மாஸ்டர் வந்து சேரவே நேரமாகிவிடும். வந்ததும் நேராக உதைக்குப் போய்விடுவோம்.

அன்றைக்கும் அப்படித்தான். நெரிசலான பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து வந்தவர், அவசரமாக உடுப்பை மாற்றிக்கொண்டு செருப்பின் கீழே போய் நின்றார். கால் மேலே போனது. செருப்பு பறந்தது. ஆனால் கால் கீழே வந்தபோது மாஸ்டரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சற்று நேரம் அசையாமல் நின்றார். பிறகு ஒரு காலை மடக்காமல், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

எங்களில் ஆகச் சின்னவன் இஞ்ஞாசி. அவனுடைய பெல்ட் அவன் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியும் முழங்கால்வரை தொங்கும். மாஸ்டர் ஏதோ புது நடை காட்டுகிறார் என்று நினைத்து, அவனும் ஒரு காலை விறைப்பாக வைத்துச் சாய்ந்து சாய்ந்து நடந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். பிறகு நான். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுவதும் வாத்துக்கூட்டம் போல மண்டபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

கொறற்றி மட்டும் நடக்கவில்லை.

மரிய கொறற்றி என் சிநேகிதி. அவளுடைய அம்மா மதலேனா ஆஸ்பத்திரியில் நேர்ஸ். மாஸ்டரின் கை அடிக்கடி பின்தொடைக்குப் போவதையும், அவருடைய மேலுதட்டில் வேர்வை துளிர்த்திருப்பதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதை எங்களிடம் சொல்லமாட்டார் என்பதும் அவளுக்குப் புரிந்திருந்தது. அடுத்த மாதம் கண்டியிலிருந்து பெரிய மாஸ்டர் எங்களுக்குப் பரீட்சை வைக்க வர இருந்தார். அவர் வகுப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் மண்டபம் தையல் வகுப்புக்குப் போய்விடும். அந்தக் கவலை மாஸ்டருக்கு.

கொறற்றி கையை உயர்த்தினாள். "மாஸ்டர், முந்தி மாதிரி நாங்க வெளியே போய் மண்டபத்தைச் சுத்தி ஓடிட்டு வரட்டுமா?"

மாஸ்டர் பெரிய மூச்சு விட்டுத் தலையசைத்தார். எல்லாரும் வெளியே பாய்ந்தார்கள். தான் கூப்பிடும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்படி கொறற்றி அவர்களிடம் சொன்னாள். பிறகு என்னை ஓரமாக இழுத்து, வாப்பாவின் கடையிலிருந்து, சின்னப் பொலித்தீன் பையில் இனிப்புத் தண்ணீரை உறையவைத்து விற்கும் ஐஸ் பக்கட் கொண்டுவரச் சொன்னாள். என்ன நிறம் என்று கேட்டேன். அவள் என்னை முறைத்தாள்.

சிவப்பு ஐஸ் பக்கட்டுகளையும் வாப்பாவின் துவாயையும் எடுத்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, மாஸ்டர் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்து, வலித்த காலை இன்னொரு வாங்கின் மேல் நீட்டியிருந்தார். அவர் அப்படி உட்காருவதைப் பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை. கொறற்றி எதற்காக எல்லாரையும் வெளியே அனுப்பினாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவள் ஐஸ் பக்கட்டுகளைத் துவாயில் சுற்றி அவருடைய பின்தொடைக்குக் கீழே வைத்தாள். ஐஸை நேராகத் தோலில் வைக்கக்கூடாதாம். உதைத்தபோது உள்ளே 'டப்' என்று ஏதாவது சத்தம் கேட்டதா, காலை ஊன்ற முடிகிறதா என்று தன் அம்மா கேட்பது போலவே கேட்டாள். சத்தம் இல்லை, ஊன்ற முடிகிறது என்றார் மாஸ்டர். வீட்டுக்குப் போய் எண்ணெய் பூசி நன்றாக உருவினால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

"இப்ப உருவ வேணாம் மாஸ்டர். உருவினா உள்ளுக்கு இன்னும் வீங்கும்னு அம்மா சொல்லுவாங்க" என்றாள் கொறற்றி.

அந்த நேரம் பார்த்து ஒரு ஐஸ் பக்கட் பொத்துக்கொண்டது. மாஸ்டரின் வெள்ளைக் காற்சட்டையில் சிவப்பு நிறம் பரவியது. மாஸ்டர் அதைக் குனிந்து பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

ஊரடங்குக்கு முன் மகளைக் கூட்டிப்போக மதலேனா ஆன்ட்டி வந்தார். மாஸ்டரின் காலை விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். தசை இழுபட்டிருக்கிறது, அறுந்துபோகவில்லை என்றார். இழுபடும் பண்டேஜை, அதிகம் இறுக்காமல் சுற்றிவிட்டார். இரண்டு நாள் ஓய்வு, இடைக்கிடை ஐஸ், அதன் பிறகு மெதுவான நடை, வலி முழுதாகப் போகும்வரை உதையே கூடாது என்றார். அடுத்த மாதம் பரீட்சை இருக்கிறதே என்று மாஸ்டர் இழுத்தார்.

"சோதனை வருதுன்னு தசைக்குத் தெரியாதே மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி மகளின் கையைப் பிடித்தார்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் கொஞ்சம் நன்றாகவே நடந்து வந்தார். வந்தவர் நேராகச் செருப்பின் கீழே போய் நின்றார். கொறற்றி அவருக்குப் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"இஞ்ஞாசிக்கு இப்படிக் கால் வலிச்சா, அவன உதைக்க விடுவீங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் இஞ்ஞாசியைப் பார்த்தார். அவன் தன் நீளமான பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பிறகு போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று முதல் அவர் உட்கார்ந்தபடியே சொல்ல, நாங்கள் செய்தோம்.

பஸ் எப்படியும் பிந்தித்தான் வரும் என்பதால், அதற்குள் நாங்களே ஓடி முடித்துவிடலாம் என்று கொறற்றி சொன்னாள். அதன் பிறகு மாஸ்டர் வரும் முன்பே நாங்கள் மண்டபத்தைச் சுற்றி ஓடினோம். காலை முன்னும் பின்னும் வீசினோம். மாஸ்டர் வந்ததும் முதலில் முழங்கால் உயரத்துக்கு உதைத்தோம், பிறகு இடுப்பு உயரத்துக்கு, கடைசியில்தான் செருப்பு. எனக்கு எப்போதும் பிடித்துக்கொள்ளும் கெண்டைக்கால் அந்த மாதம் முழுவதும் பிடிக்கவேயில்லை. மாஸ்டரும் ஒரு தரிப்பிடம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, கையை வீசி நடந்து வரத் தொடங்கினார்.

பரீட்சை நாளும் வந்தது. பெரிய மாஸ்டரின் வேனையும் வழியில் மறித்துச் சோதித்திருந்தார்கள். வெகுநேரம் பிந்தித்தான் வந்தார். பருத்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, கண்டிப்பான முகம். "நேரமில்லை, நான் ஒரு உதை காட்டுகிறேன், எல்லாரும் அப்படியே செய்யுங்கள்" என்று சொல்லி நடுவில் போய் நின்றார்.

கொறற்றி வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்து குனிந்து வணங்கினாள். நோபர்ட் மாஸ்டர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"சேர், இவ்வளவு தூரம் வேன்ல மடங்கியே வந்திருக்கீங்க. எங்களோட கொஞ்சம் ஓடிட்டு உதைங்க. இல்லாட்டி தசை இழுத்துக்கும்."

பெரிய மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

"எங்க மாஸ்டர்கிட்டதான் படிச்சோம்" என்றாள் கொறற்றி.

நோபர்ட் மாஸ்டரின் காதுகள் சிவந்துபோயின. பெரிய மாஸ்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "நீங்கள் நல்ல மாஸ்டர்" என்று அவரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, எங்கள் வரிசையின் கடைசியில், இஞ்ஞாசிக்குப் பின்னால் போய் நின்றார்.

அன்று எங்கள் எல்லாருக்கும் மஞ்சள் பெல்ட் கிடைத்தது. மண்டபமும் எங்களிடமே இருந்தது. ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் கண்ணில் நிற்பது அந்த ஓட்டந்தான். கண்டியின் பெரிய மாஸ்டர் மூச்சு வாங்க வாங்க மண்டபத்தைச் சுற்றி ஓடுகிறார். அவருக்கு முன்னால் ஓடும் இஞ்ஞாசி, பெல்ட்டை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் வேகமா வாங்க சேர்" என்கிறான்.