குப்புறப் படுத்துப் பார்க்கும் பூ

கேட்டைச் சாத்தியவன் மட்டும் கையில் கிடைத்தால்... என்று கறுவிக்கொண்டே மேட்டில் ஏறினாள் மைதே. நெவாடாவில் திறந்து கிடக்கும் கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட வேண்டும். இதுகூடத் தெரியாத எவனோ சாத்திவிட்டுப் போனதில், அவளுடைய ஆடுகள் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வழியில்லாமல் கத்திக்கொண்டிருந்தன.

மேட்டுக்கு அந்தப்புறம் ஒருவன் குப்புறக் கிடந்தான். செத்துத் தொலைந்தானோ? இல்லை... கண்ணோடு ஒட்டிப் பிடித்தபடி ஒரு லென்ஸ்.

"மிஸ்டர்! கேட்டைச் சாத்துனது நீங்கதானா?"

"ஆமாங்க. ஆடு ஓடிப் போயிடுமேன்னு..."

"ஓடிப் போகாது. தாகத்துல செத்துத்தான் போகும்!"

அவன் பதறி எழுந்தான். தாடியெல்லாம் மண். கண்கள் மட்டும் மழையில் கழுவிவிட்டதுபோல் அப்படியொரு பச்சை... அதையெல்லாம் நீ எதற்குப் பார்க்கிறாய் என்று மைதே தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பெயர் கோல்பி. சர்க்காருக்காகச் செடிகளைக் கணக்கெடுக்க வந்தவன். அவன் காட்டிய இடத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஊதாப் பூக்கள். மழை பெய்த வருடத்தில் முளைத்து, விதை போட்டு, கோடைக்குள் கருகிவிடுகிற செடி.

"இதே மாதிரி ரெண்டு இருக்குங்க. ஒண்ணு எங்க பாத்தாலும் முளைக்கும். இன்னொண்ணு ரொம்ப அபூர்வம்."

"அபூர்வமா இருந்தா?"

அவன் தயங்கினான். "சர்க்கார் நிலமாச்சே, வேலி போட்டுருவாங்க."

வேலி வந்தால் மேய்ச்சல் போச்சு. மேய்ச்சல் போனால் அப்பாவின் மந்தையை விற்க வேண்டியதுதான். அடப்பாவி... சிரித்துப் பேசிக் கழுத்தறுக்க வந்தவனா நீ!

அன்றிலிருந்து அவள் மந்தையை அந்த மேட்டிலேயே நிறுத்தி, அவன்மேல் ஒரு கண் வைத்திருந்தாள். அவனும் தினமும் வந்து படுத்தான். கேட்டால், "இன்னும் கொஞ்சம் பாக்கணும்" என்பான். ஒரு பூவைப் பார்க்க இத்தனை நாளா? எதையோ மறைக்கிறான். சோரிசோ என்ற காரப் பன்றிக்கறி வைத்த தன் ரொட்டியில் பாதியை அவனிடம் நீட்டியதுகூட வாயைப் பிடுங்கத்தான்... வேறெதற்கும் இல்லை!

ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"வேலி வந்துடுமோன்னு எங்கப்பா சரியாத் தூங்கியே நாளாச்சு. உண்மையைச் சொல்லுங்க. அபூர்வப் பூதானே?"

"இல்லைங்க. சாதாரணப் பூதான். தண்டுல பிசுபிசுன்னு முடி இருக்கு, பாருங்க. அந்த அபூர்வப் பூவுல இது இருக்காது."

லென்ஸை வாங்கிக் குப்புறப் படுத்துப் பார்த்தாள். முடி இருந்தது. மணல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்போ தெரிஞ்சுது?"

"முதல் நாளே..."

"அப்புறம் எதுக்கு தினமும் வந்தீங்க?"

"முடிவைச் சொல்லிட்டா கிளம்பணும். கிளம்பிட்டா... உங்களைப் பாக்க முடியாதே."

கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க ஆசைக்கு எங்கப்பா தூக்கம் கெடணுமா?"

"தப்புதான். இப்பவே வந்து அவர்கிட்டச் சொல்றேன்."

"என்னன்னு?"

"பூவைப் பத்தி. அப்புறம்... உங்களைப் பத்தியும்."

"அடி விழும்."

"வாங்கிக்கிறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. முகத்தைப் பூப்பக்கமே வைத்துக்கொண்டாள்.

"எனக்கும்தான் தினமும் திட்டு விழுது."

"உங்களுக்கு ஏன்?"

"இந்த மேட்டுல புல்லு எப்பவோ தீர்ந்துபோச்சு. மந்தையை இன்னும் ஏன் நகத்தலைன்னு அப்பா கேக்குறாரு... நான் என்னத்தைச் சொல்ல?"