ஒன்றும் நான்கும் ஒரே சரக்கு

உள்ளே வந்த பிளம்பர் முதலில் பார்த்தது சமையலறைக் குழாயைத்தான். அது சொட்டிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் கை பைக்குள் போனது. இன்று வந்தது அதற்கில்லை என்று நினைவு வந்ததும், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணும் நாலும் ஒரே சரக்கு. என் நாக்கு மேல சத்தியம். ஆனா கடையே கைகொட்டிச் சிரிச்சிருச்சு."

எதிரே இருந்த பெண்மணியை எல்லோரும் சர்வேயர் என்றே சொல்வார்கள். முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகச் சேதமான சரக்கைப் பார்த்து மதிப்புப் போட்டவர். நனைந்த பஞ்சுப் பொதி, உடைந்த பீங்கான், எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கிடங்கு எல்லாம் பார்த்த பிறகு, மனிதர்களைவிடப் பெட்டிகளை விசாரிப்பதே லாபம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக அவருடைய கொழுந்தன். நாற்பது வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் வேலை, மீதி அரை நாள் அண்ணியின் புகழுக்குக் காவல்.

"விஷம்!" என்றான் கொழுந்தன்.

"யாரும் சாகலையேப்பா. எழுதினதை அடிச்சுடு," என்றார் சர்வேயர். "நீங்க மொதல்லேர்ந்து சொல்லுங்க."

பிளம்பர் சொன்னார். ஒரு வருடம் முன்புவரை ஒயின் என்றால் கெட்டுப்போன திராட்சை ஜூஸ் என்றுதான் நினைத்திருந்தார். ஒயின் கடையில் குழாய் சரிபண்ணப் போன அன்று கடைக்காரம்மா ஒரு மலிவு பாட்டிலைக் கையில் திணித்து, எப்படி இருந்தது என்று மறுநாள் கேட்டாள். "மொத வாய் புது ரப்பர் வாஷர் மாதிரி இருந்துச்சு. மூணாவது வாய்ல நல்ல மனுஷனாயிருச்சு," என்றார் இவர். அவள் சிரித்துச் சிரித்து, அதை அப்படியே கடையின் மாதத் துண்டறிக்கையில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து மாதம் ஆறு மலிவு பாட்டில். இவர் குடித்துப் பார்த்து எழுதுவார், 'கத்துக்குட்டி' என்று கையெழுத்துப் போடுவார். ஜனங்கள் அதைப் படித்துவிட்டு வாங்கினார்கள்.

இது தங்கநாக்குக்குப் பொறுக்கவில்லை.

தங்கநாக்கு என்பது அவருக்கு யாரும் வைத்த பெயரில்லை, அவரே வைத்துக்கொண்டது. ஒயினைப் பற்றிப் பேசியே வயிறு வளர்த்தவர். ஒரு கிளாஸைக் கையில் வாங்கினால் அதைச் சுழற்றுவார், முகர்வார், வெளிச்சத்தில் பிடித்துப் பெருமூச்சு விடுவார். பெண் பார்க்க வந்தவன்கூட அத்தனை நேரம் பார்க்க மாட்டான். சாக்கடை அடைப்பு எடுக்கிறவன் ஒயினுக்கு மார்க் போடுவதா என்று அவர் கடைக்குக் கடிதம் எழுதினார். கடைக்காரம்மா போட்டி வைத்தாள்.

"நேத்து மத்தியானம் மேடம். நாப்பது வாடிக்கையாளருங்க. மலிவு அலமாரியிலேர்ந்து ஆறு பாட்டில், பேப்பர் சுத்தி நம்பர் போட்டது. எது எதுன்னு பட்டியல் மொத நாளே கவர்ல போட்டு ஒட்டி, மேல ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு. அவர் ஆறையும் சரியாச் சொல்லிட்டார். நான் மூணுதான் சரி. நாலாம் நம்பருக்கு, 'இது ஒண்ணாம் நம்பரேதான், ரெண்டு தடவை ஊத்திட்டீங்க'ன்னு எழுதினேன். கவரைப் பிரிச்சா ஒண்ணு சேவல் படம் போட்டது, நாலு குதிரைப் படம் போட்டது. தங்கநாக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'குழாய்க்கு எல்லாத் தண்ணியும் ஒரே தண்ணிதான்'னார்."

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். தங்கநாக்கின் கையெழுத்தில் வரைந்த மன்னிப்புக் கடிதம். 'நான் ருசி அறியாதவன். இதுவரை நான் எழுதியதெல்லாம் உளறல்.' இன்று நாலு மணிக்குள் இவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். கடைக் கதவில் ஒட்டுவார்களாம். அடுத்த மாதம் முதல் எழுதப்போவது தங்கநாக்கு.

"போடலைன்னா?"

"போட்டாலும் போடலைன்னாலும் எழுதுறது போச்சு." பிளம்பர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "பதினெட்டு வருஷமா ஜனங்க என்கிட்ட கேட்டது ஒண்ணுதான் மேடம், 'எப்ப வருவே?' இந்த ஒரு வருஷமாத்தான் 'எப்படி இருக்கு?'ன்னு கேக்குறாங்க."

சர்வேயர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அவர் கடைக்கு எப்ப வந்தார்?"

"எனக்கு அரை மணி முன்னாடியே. கோட்டைப் பின்னறையில மாட்டியிருந்தாங்க."

"பாட்டிலெல்லாம்?"

"அதே பின்னறையிலதான். தங்கநாக்கு ருசி பார்த்த பாட்டில்னு காட்சிக்கு வைக்கப் போறாங்களாம். கார்க்கோட."

"அவர் வாய் வச்ச கிளாஸையும் வச்சுக் கும்பிடட்டும்," என்று எழுந்தார் சர்வேயர். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

கடை, தன்னைக் கடை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டது. கூரையிலிருந்து பிளாஸ்டிக் திராட்சைக் கொத்துகள் தொங்கின. மூலையில் ஒரு பொய்ப் பீப்பாய். விலை உசந்த பாட்டில் ஒன்று பச்சைப்பிள்ளை மாதிரி வைக்கோலில் படுத்திருந்தது. மலிவுச் சரக்கெல்லாம் கண்ணாடி ஜன்னலில், நல்ல வெயிலில், தூசி படிந்து நின்றது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் தூசியில்லாமல் ஒரு வட்டம். அதன் முன்னால் குதிரைப் படம் போட்ட விலைச் சீட்டு.

"யாரோ எடுத்திருக்காங்க அண்ணி!" என்று கிசுகிசுத்தான் கொழுந்தன்.

"விக்கிற கடைப்பா. எடுக்கத்தான் செய்வாங்க."

கடைக்காரம்மா கைகளைப் பிசைந்துகொண்டு வந்தாள். தங்கநாக்கு ஏற்கெனவே வந்து, கதவில் கடிதம் ஒட்டவேண்டிய உயரத்தை விரலால் அளந்துகொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடறதுக்குத் துணைக்கு ஆளா? பேனா பிடிக்கக் கஷ்டமா இருக்காப்பா?" என்றார் பிளம்பரிடம்.

"பார்வைக்குத்தான் வந்தோம் சார்," என்றார் சர்வேயர் பணிவாக. அவர் பணிவு கூடும்போதெல்லாம் யாருக்கோ கெட்ட நேரம் என்பது கொழுந்தனுக்குத் தெரியும். நோட்டைத் திறந்தான்.

பின்னறையில் ஒரு மேஜை. ஆறு பாட்டில்கள், ஒவ்வொன்றின் முன்னும் அதனதன் கார்க், இருவரும் எழுதிய அட்டைகள். சுவரில் கோட் மாட்டும் கொக்கி, அதில் இன்றும் தங்கநாக்கின் கோட். அதற்கு ஒரு சாண் தள்ளி, எந்த எண்ணுக்கு எந்த பாட்டில் என்று, பேப்பர் சுற்றும்போது பார்த்துக்கொள்ள எழுதிய பட்டியலின் நகல் ஒட்டியிருந்தது. கீழே சேவல் படம் போட்ட ஒரு பெட்டி. மூலையில் ஒரு கழுவு தொட்டி. பிளம்பர் கை சும்மா இருக்காமல் குழாயைத் திருகிப் பார்த்தார். சொட்டுக்கூட வரவில்லை.

"ஒரு மாசமா வரலைண்ணே. உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன்," என்றாள் கடைக்காரம்மா.

"இந்த சேவல் பெட்டி?" என்றார் சர்வேயர்.

"நேத்துக் காலைலதான் பிரிச்சேன், போட்டிக்கு ஒண்ணு எடுக்க. இன்னும் விக்க ஆரம்பிக்கல."

சர்வேயர் பெட்டிக்குள் எட்டிப்பார்த்தார். பிறகு ஆறு கார்க்கையும் ஒவ்வொன்றாக எடுத்து, பழக்கடையில் பழம் பொறுக்குவதுபோல உருட்டிப் பார்த்து வைத்தார். கடைசியில் தங்கநாக்கின் நான்காம் அட்டையை உரக்கப் படித்தார்.

"'குதிரை. கறுப்புப் பழம், மிளகு, தூரத்தில் அணைந்த அடுப்பின் புகை. கிளாஸில் அரை மணி காத்திருந்தால் மனம் திறக்கும்.' போட்டி எவ்வளவு நேரம் நடந்துச்சு?"

"இருபது நிமிஷம்," என்றார் பிளம்பர்.

"என்னைப் போன்றவர்களிடம் அது உடனே திறக்கும்," என்றார் தங்கநாக்கு.

"அந்தத் தகுதிக்கு எதுவும் திறக்கும் சார்." சர்வேயர் பிளம்பர் பக்கம் திரும்பினார். "இந்தத் தொட்டிக்கு அடியில இருக்கிற வளைஞ்ச குழாயைக் கொஞ்சம் கழட்டுங்களேன்."

"அது எதுக்கு இப்ப?" என்றாள் கடைக்காரம்மா அவசரமாக.

பிளம்பர் அதற்குள் தரையில் மண்டியிட்டிருந்தார். ஒரு குவளையை அடியில் பிடித்துக் குழாயைத் திருகினார். கருஞ்சிவப்பாக அரைக் குவளை இறங்கியது. அறை முழுக்க வினிகர் நெடி.

"தண்ணி வராத தொட்டில எதை ஊத்தினாலும் கடைசியா ஊத்தினது இந்த வளைவுல அப்படியே நிக்கும் மேடம். அடிச்சு இறக்கத் தண்ணி வேணும்ல?" என்றார் பிளம்பர் கீழிருந்து.

"நேத்துக் காலைல இங்க ஒரு ஒயினை ஊத்தியிருக்காங்க," என்றார் சர்வேயர். "சரி, கார்க்குக்கு வருவோம். அஞ்சு கார்க்ல திருகு இறங்கின ஓட்டை ஒரு பக்கம், ஒயின் கறை மறு பக்கம். நாலாம் நம்பர் கார்க்ல ரெண்டு பக்கமும் ஓட்டை, ரெண்டு பக்கமும் கறை. பிடுங்கின கார்க் அடிப்பக்கம் ஊதிப்போயிருக்கும், வந்த வழியே போகாது. அவசரத்துக்குத் தலைகீழா அடைச்சாத்தான் போகும். ஆக இந்த பாட்டிலை ரெண்டு தடவை திறந்திருக்காங்க. மொத தடவை உள்ள இருந்தது தொட்டிக்குப் போச்சு. அப்புறம் உள்ள வந்தது எது? பன்னெண்டு பாட்டில் சேவல் பெட்டி, எடுத்தது ஒண்ணுன்னு நீங்களே சொன்னீங்கம்மா. உள்ள பத்துதான் இருக்கு."

கடைக்காரம்மா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு டஜன் குதிரை வந்துச்சு. ஜன்னல்ல வருஷம் பூரா வெயில்ல நின்னே பதினொண்ணு வித்துப்போச்சு. கடைசி ஒண்ணைத்தான் பட்டியல்ல போட்டிருந்தேன். நேத்து ஏதோ சந்தேகத்துல திறந்து பார்த்தா புளிச்சுப் போயிருக்கு. கவரை ஒட்டிக் கையெழுத்தும் வாங்கியாச்சு. கெட்ட சரக்கு விக்கிற கடைன்னு நாப்பது பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? சேவலை ஊத்தி அடைச்சுட்டேன்."

கொழுந்தன் எழுதுவதை நிறுத்தினான். "அப்ப நாலாம் பாட்டில்ல குதிரையே இல்ல! அண்ணி, இவர் மிளகு, புகைன்னாரே?"

"அதான்ப்பா. தப்பாச் சொன்னவர் பேர்ல தப்பில்ல. சரியாச் சொன்னவர்தான் மாட்டினார். சேவலைக் குடிச்சுட்டுக் குதிரைன்னு சொல்லணும்னா, நாக்கு உதவாது. கோட் மாட்டற கொக்கிக்குப் பக்கத்துல கண்ணு உதவும்."

தங்கநாக்கு தொண்டையைச் செருமினார். "எனக்கு நேத்து ஜலதோஷம்."

"ஜலதோஷத்துல இல்லாத புகையெல்லாம் தெரியுது, கொடுத்து வச்ச மூக்கு." சர்வேயர் இரண்டு கிளாஸ்களைத் துடைத்து மேஜையில் வைத்தார். "இப்ப தேவலையா இருந்தா, ஒண்ணையும் நாலையும் ஊத்தறேன். நீங்க எழுதின மாதிரி அரை மணி உக்காருவோம். அதே மிளகு திரும்ப வருதான்னு பார்த்துடலாம்."

தங்கநாக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முக்கியமான ஆட்களுக்கு எப்போதும் வேறெங்கோ ஒரு வேலை இருக்கும். கோட்டை எடுக்கவேண்டியிருந்தது. அது அந்தப் பட்டியலுக்கு நேர் பக்கத்தில் தொங்கியதால், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சுவரைப் பார்க்காமல் தடவித் தடவி எடுத்துக்கொண்டு போனார்.

"அவரை விடுங்கம்மா. அவர் பிழைப்பு அது," என்றார் சர்வேயர். "அவர் குதிரைன்னு படிச்ச நிமிஷமே, திருட்டுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு. இவர் சொன்னது சரின்னு தெரிஞ்ச ஒரே ஆள் அந்த இடத்துல நீங்கதான். நாப்பது பேர் சிரிச்சப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

கடைக்காரம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள்: "நானும் சிரிச்சேன்."

பிளம்பர் குழாயைத் திரும்ப மாட்டி இறுக்கினார். செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது.

"அண்ணே," என்றாள் அவள். "நீங்களே எழுதுங்க, எப்பவும் போல. இது மட்டும் வெளியில வேணாம்."

"எழுதுறேன். இந்த மாசம் ஆறு இல்ல, ஏழு." குவளையில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார் பிளம்பர். முகம் கோணியது. இன்னொரு தடவை, நிதானமாக, வைத்துப் பார்த்தார். "தம்பி, எழுதுங்க. 'குதிரை. ஜன்னல் வெயிலில் ஒரு வருஷம் நின்று செத்துப்போனது. சாலட்டில் ஊற்றலாம், வாயில் ஊற்ற வேண்டாம். பதினோரு பேர் வாங்கிப் போயிருக்கிறீர்கள். நமக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை போல என்று நினைத்துக் குடித்திருப்பீர்கள். அப்படியில்லை. பாட்டிலைக் கொண்டு வாருங்கள், கடையில் மாற்றித் தருவார்கள். இப்படிக்கு, கத்துக்குட்டி.'"

"மாத்தித் தரணுமா?" என்றாள் கடைக்காரம்மா மெல்ல.

"பதினொண்ணுதானேம்மா. நாப்பது பேருக்கு நான் விளக்கிச் சொல்றதுக்கு இது பரவாயில்ல."

நாலு மணிக்குக் கதவில் ஒட்டியது அந்த அட்டைதான். தங்கநாக்கு விரலால் அளந்து வைத்த உயரம், படிக்க வசதியாகவே இருந்தது.

முதலில் வந்தவர் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். கதவருகே நின்று இரண்டு தடவை படித்தார். வீட்டுக்குப் போய், கால்வாசி காலியான குதிரை பாட்டிலோடு திரும்பி வந்து, பிளம்பரைத் தேடிப் பிடித்தார்.

"நாலு மாசமா நானும் என் மாமனாரும் ஞாயித்துக்கிழமை தவறாம இதை ஆளுக்கு ஒரு வாய் குடிக்கிறோம் சார். ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் 'ஆஹா'ன்னு சொல்லிக்கிட்டு." வாத்தியார் பாட்டிலைக் கீழே வைத்தார். "அப்ப என் நாக்குல கோளாறு எதுவும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் பிளம்பர். "மாமனாரையும் கூட்டிட்டு வாங்க, சொல்லிடறேன்."