ஒத்தசைவுச் சட்டை

கல்யாண மண்டபத்து மாடியில் நடந்த ஆட்ட வகுப்புக்கு அன்று வந்திருந்தவர்கள் மூன்று சோடி. சன்னலோரம் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு சூசை, மடியில் பேத்தி பிளெஸ்ஸி. தூணருகே, சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் ராசாத்தி, அவளிடம் விடப்பட்ட டாக்டர் வீட்டுப் பையன். கதவுப் பக்கம் பூரணமும், செத்துப்போன அவள் அக்காவின் ஆறு வயது மகன் மாறனும். நடுப்பாயில் பயிற்றுநர் பெனிட்டா.

சோடிகள் ஆறு பேர் உடம்பிலும் ஒத்தசைவுச் சட்டை. அதன் நெசவில் உணரிழைகள் ஓடின. சோடியில் ஒருவர் கையைத் தூக்கினால் மற்றவர் தோளில் மெல்லிய இழுப்பு. அவர் கையும் எழும்பும். பாதி நேரம் பிள்ளை ஆட, பெரியவர் பின்தொடர வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். "அசைவோட மனசும் சேர்ந்து போகும்க்கா. பாசம் தானா ஊறும்" என்பாள் பெனிட்டா.

முதல் வகுப்பில் மாறன் தவளையாகக் குதித்தான். பூரணம் சேலையோடு விழுந்து எழுந்தாள். சூசை பூனையாகி நாலு காலில் தவழ்ந்தார்.

"முப்பது வருசம் ரயிலுக்கே கொடி காட்டினவன்மா நான். இந்தப் பொடிசு என்னை வாலாட்ட வைக்குது."

"உங்களுக்கு வேட்டி, மடிச்சுக் கட்டிக்கிடலாம். எங்க கதியைப் பாருங்க" என்றாள் ராசாத்தி.

அதற்கப்புறம் பெனிட்டா அசந்த நேரம் பார்த்து, யார் முன்னே ஆடுவது என்று மாற்றும் காலர்த் திருகியை 'பெரியவர் முன்' பக்கமே வைத்துவிடுவது மூவருக்கும் வழக்கமாயிற்று.

பூரணத்துக்கு வேறு காரணமும் இருந்தது. மாறனின் அப்பாவுக்கு ஆழ்கடல் சுரங்கத்தில் வேலை. அங்கே அலைபேசி எட்டாது, கப்பல் தபால்தான். 'பையன் உன்னிடம் ஒட்டாவிட்டால் விடுதியில் சேர்த்துவிடலாம்' என்று எழுதியிருந்தார். வகுப்பில் கை நீட்டும்போதெல்லாம் பூரணம் ஒன்றையே நினைத்தாள்: இவன் என்னை விட்டுப் பிரியக் கூடாது.

மாறன் ஒட்டினான். பீச்சாங்கைப் பழக்கம்கூடப் போய், சோற்றுக் கையால் சாப்பிட்டான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்று கடைசி வகுப்பு. சட்டைகளைக் கழற்றியாயிற்று.

"இப்ப உங்க இஷ்டத்துக்கு ஆடுங்க, செல்லங்களா."

பாட்டு ஓடியது. ஒரு பிள்ளையும் அசையவில்லை. மூன்றும் பெரியவர்களையே பார்த்துக்கொண்டு நின்றன. சூசை இருமினார், பிளெஸ்ஸியின் தொண்டை சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. பூரணம் முடியைக் காதோரம் ஒதுக்கினாள். மாறன் தனக்கு இல்லாத முடியை ஒதுக்கினான்.

"மாறா, தவளை குதிடா."

அவன் அவள் முழங்காலைப் பார்த்துக் காத்திருந்தான்.

பெனிட்டா ஒவ்வொரு காலராகப் புரட்டிப் பார்த்தாள். "ஆரம்பத்துல இருந்தே இப்படித்தானா?"



"அவனோட சொந்த அசைவு திரும்பி வருமா டீச்சர்?" என்றாள் பூரணம்.

"வரும்னுதான் நினைக்கிறேன்க்கா. ஆனா நரம்புல பாதை போட்டாச்சு. போட்ட பாதையில ரெண்டு பக்கமும் வண்டி ஓடும். தடுக்கிறதுக்கு இனிமே திருகி கிடையாது."

வீடு வந்ததும் பூரணம் எழுத உட்கார்ந்தாள். 'அத்தான், வந்து பிள்ளையைக் கூட்டிப் போங்கள். நான் அவனைக் கெடுத்துவிட்டேன்.' வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிவந்த வார்த்தைகள். எதிரே மாறன் தரையில் கையூன்றி அமர்ந்திருந்தான்.

'அன்புள்ள அத்தானுக்கு' என்று எழுதியதும் தோளில் மெல்லிய இழுப்பு.

சட்டை மண்டபத்திலேயே கிடந்தது. பேனா மட்டும் நிற்கவில்லை. அது நின்ற பிறகே படித்தாள்.

'மாறன் சுகம். விடுதி வேண்டாம். அவன் என்னை விட்டுப் பிரியக் கூடாது.'

எழுத்துகள் இப்போதுதான் எழுதப் பழகும் பிள்ளை எழுதியதுபோல் சாய்ந்து கிடந்தன. பேனா அவளுடைய இடக்கையில் இருந்தது. எதிரே, தரையிலிருந்து மாறன் தன் இடக்கை விரலை எடுத்தான்.

கிழித்துப் போடத்தான் நினைத்தாள். அதற்குள் இடக்கை அதை மடித்து உறையில் போட்டிருந்தது. மாறன் நாக்கை நீட்டி வெறுங்காற்றை ஒரு கோடாக நக்கினான். அவள் நாக்கில் உறைப் பசை இனித்தது.

இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். தெருமுனைத் தபால்பெட்டியின் வாய் அவனுக்கு எட்டாத உயரம். கீழே நின்றபடி இடக்கையைத் தூக்கி விரல்களை விரித்தான். பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தம் கேட்டது.